எல்லப்பனின் ஆறாவது முறை

மாவலிபுரம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் ஜெயிலுக்குப் போக முறை வைத்திருக்கிறார்களாம். மாசக் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வருமாம். “இந்த மாசம் ரெண்டு ஆளு” என்பார்களாம். மறுநாள் காலையில் இரண்டு பேர் குளித்து, தலை வாரிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பார்களாம்.

பினாங்கில், சூலியாத் தெருச் சாயாக் கடையில் இதைச் சொன்னவர் நேரில் பார்த்தவர் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒருவர் சொல்ல, இவர் கேட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணம் அந்தப் போன். 1956-ல் அந்தக் கரையில் தபாலாபீசையும் ஸ்டேஷனையும் விட்டால் போன் இருந்த இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அது என் மாமனார் மதார் சாகிபுவின் சவுக்குக் கட்டை டிப்போ.

அன்றே கடிதம் எழுதினேன். பதில் வந்தது: கட்டை விலை பரவாயில்லை, கால்வாயில் தண்ணீர் குறைவு, பட்டணத்துக்குப் படகு போக இரண்டு நாள் கூடுதலாகிறது. போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. அதன்பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஆபீசில் அடித்துப்பிடித்து லீவு வாங்கி, ஐம்பத்தேழு பிப்ரவரியில் சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாமாவைப் பார்த்ததும் சலாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

“உட்காருங்க மாப்ளே, மொதல்ல தண்ணி குடிங்க,” என்றார் அவர். பிறகு கொட்டகையின் ஓரத்தைக் கையால் காட்டினார். “என்னைக் கேக்காதீங்க. அதோ கீறான் பாருங்க, அவனைக் கேளுங்க. அஞ்சு வாட்டி போனவன் அவன். நான் போன் எடுத்தவன், அவ்ளோதான்.”

அங்கே, வெட்டி அடுக்கிய கட்டைகளின் நிழலில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த ஆள் மடியில் ஒரு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, அதன் முகத்தில் ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவர்தான் எல்லப்பன்.

அந்த லீவு முழுவதும் அவரோடு பேசினேன். அவர் சொன்னதையும், மாமா தயங்கித் தயங்கிச் சொன்னதையும், செங்கல்பட்டுக் கோர்ட்டில் நன்னடத்தை அதிகாரியாக இருந்த கஸ்தூரிரங்கன் விளக்கியதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நண்டுத்துறைக் குப்பத்தில் பிறந்தவர் எல்லப்பன். நாற்பது வீடு இருக்கும். பன்னிரண்டு வயதில் சவுக்குத் தோப்பில் கட்டை வெட்டப் போனார், இன்றைக்கும் அதே வேலைதான். அவருக்குச் சாராயம் ஆகாது. மதத்துக்காகவோ விரதத்துக்காகவோ இல்லை, அந்த வாடை பட்டாலே குமட்டும். கல்யாணத்தன்று மச்சான்கள் பிடித்து வைத்து ஊற்றியபோது பந்தலிலேயே வாந்தி எடுத்தவர் என்று அவர் மனைவி சந்திரம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். இப்படிப்பட்டவர் பேரில்தான் சாராயம் காய்ச்சியதாக ஐந்து தண்டனை.

மதுவிலக்கு வந்த பிறகு அந்தச் சவுக்குத் தோப்பு மணலுக்கடியில் காசியம்மாள் என்ற அம்மாள் பானை புதைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அது எல்லோருக்கும் தெரியும், ஸ்டேஷனுக்கும் தெரியும். அம்மாளைப் பிடித்தால் மாமூல் நின்றுவிடும். யாரையும் பிடிக்காவிட்டால் மாதத்துக்கு எத்தனை கேஸ் என்று மேலேயிருந்து கேள்வி வரும். அதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். மாதம் ஒரு ஆள், சில மாதம் இரண்டு ஆள், குப்பத்திலிருந்து தானாகப் போய் நிற்க வேண்டும். கையில் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். கோர்ட்டில் ‘ஆமா சாமி, நான்தான்’ என்று சொல்ல வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை அவன் வீட்டுக்குக் காசியம்மாள் அரிசி அளப்பார்.

யார் போவது என்பதற்குக் குப்பத்திலேயே ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் முறை எந்த வீட்டுக்கு வருகிறது என்று காட்ட ஒரு பித்தளைச் செம்பு வீடு வீடாகப் போகும். காசியம்மாள் அதே மாதிரி இன்னொரு செம்பு வாங்கிவிட்டார். அது யார் வீட்டு அடுப்பு மேட்டில் இருக்கிறதோ, அடுத்து அவன். கூழ்ச் செம்பை மறுக்க முடியாத ஊரில் இந்தச் செம்பையும் யாரும் மறுக்கவில்லை.

1952-ல் எல்லப்பன் முதல் தடவை போனபோது மூன்று மாதம் போட்டார்கள். இரண்டாம் தடவை இரண்டு மாதம். மூன்றாம் தடவை வேறொரு கோர்ட், ஆறே வாரம். குப்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடையில் வாடிக்கைக்காரனுக்கு விலை குறைப்பதுபோல, சர்க்காரும் பழகின ஆளுக்குக் குறைத்துப் போடுகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். புதுப் பையனை அனுப்பினால் மூன்று மாதம் போட்டுவிடுவார்கள், எல்லப்பன் போனால் சீக்கிரம் வந்துவிடுவான். அதற்குப் பிறகு செம்பு அவர் வீட்டுக்கு முறையில்லாமலும் வர ஆரம்பித்தது.

“எனக்கும் அப்டித்தான் தோணிச்சி சின்ன சாயபு,” என்றார் எல்லப்பன். “வார்டருங்க எல்லாம் ‘வாய்யா எல்லப்பா, வூட்ல சௌக்கியமா’ன்னு கேப்பாங்க. களி கிண்டற வேலைய என்கிட்டதான் குடுப்பாங்க. நம்ம மேல ஒரு இது கீதுன்னு நெனச்சேன்.”

“இது கீதாம், இது,” என்றாள் சந்திரம்மா உள்ளேயிருந்து. “ரெண்டு புள்ள பெத்தேன். ரெண்டு வாட்டியும் எம் புருஷன் களி கிண்டிகினு இருந்தாரு. அதையும் சொல்லு.”

அந்தக் கதையைச் சந்திரம்மாவேதான் பிறகு ஒருநாள் சொன்னாள். மூத்தவள் கண்ணகி பிறந்தபோது அவர் உள்ளே. நாற்பதாம் நாள்தான் குழந்தையைப் பார்த்தார். இரண்டாவதாகப் பையன் பிறந்தபோதும் உள்ளே. அந்தக் குழந்தை ஏழாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. விடுதலையாகி வெளியே வந்தவரிடம் ஜெயில் வாசலில் வைத்துச் சொன்னார்கள். அவர் கையில், உள்ளே இருந்தபோது தென்னை நாரில் முறுக்கிச் செய்த ஒரு கிலுகிலுப்பை இருந்ததாம்.

ஐம்பத்தாறு கார்த்திகையில் சந்திரம்மா மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். தையில் பிரசவம். செம்பு வந்தது. இல்லை, செம்பு வந்தது எதிர்வீட்டுக்கு. அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு எல்லப்பனிடம் வந்தார்கள்.

“நீ போனா ஆறு வாரம் அண்ணாத்த. தை பொறக்கறதுக்குள்ள வந்துடுவே. எம் புள்ள போனா மூணு மாசம் ஆயிடும்.”

சந்திரம்மா செம்பை எடுத்து வாசலில் எறிந்தாள். எல்லப்பன் போய் எடுத்து வந்து, மண்ணைத் துடைத்து, அடுப்பு மேட்டில் வைத்தார். வாரத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டி, “வந்துடறேன்டி. இந்த வாட்டி நான் இல்லாம புள்ள பொறக்காது” என்றார்.

இந்த முறை கோர்ட்டுக்கு ஒரு புதிய காகிதமும் கூடவே வந்திருந்தது. யாரோ ஒரு சுறுசுறுப்பான குமாஸ்தா கைரேகைச் சீட்டை அனுப்பிச் சரிபார்த்து, பழைய தண்டனைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டார். அதுவரை கோர்ட்டுக்குக் கோர்ட் தனித்தனியாகக் கிடந்தவை அவை. எல்லப்பனுக்குக் குறைந்துகொண்டே போனதன் காரணம் அவ்வளவுதான். ஒவ்வொரு மாஜிஸ்டிரேட்டும் அவரை முதல் தடவை வந்தவர் என்று நினைத்துத் தனக்குத் தோன்றியதைப் போட்டிருந்தார்.

மாஜிஸ்டிரேட் தாளைப் படித்தார். “இந்த அஞ்சும் நீதானா?”

“ஆமா சாமி, எல்லாம் நான்தான்.” அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று கஸ்தூரிரங்கன் சொன்னார். “வாடிக்கையா வர்றவன் சாமி. பாத்துப் போடுங்க.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்டிரேட் சிரிக்கவில்லை. “பார்த்துத்தான் போடணும். இத்தனை தடவை வந்தவனுக்கு ரெண்டு வருஷத்துக்குக் குறைச்சு எப்படிப் போடறது?”

கதவோரம் நின்றிருந்த சந்திரம்மா சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லப்பன் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஏதோ விலை தவறிவிட்டது என்று கடைக்காரனுக்கு எடுத்துச் சொல்வதைப்போல, “ஆறு வாரம் சாமி, ஆறு வாரம்தான் வழக்கம்” என்றார்.

வேறொரு கேஸுக்காக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கஸ்தூரிரங்கன் எழுந்தார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், தண்டனைக்குப் பதில் வெளியே விடத் தகுந்தவர் யார் என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கிக்கொண்டார்.

“ஏம்ப்பா, சாராயம் எப்படிக் காய்ச்சினே?”

எல்லப்பன் யோசித்தார். ஐந்து தடவையும் இதை யாரும் கேட்டதில்லை. “வெல்லத்தக் கரைச்சி அடுப்புல வெச்சி நல்லா கொதிக்க வெச்சா வந்துடும் சாமி.”

“எத்தனை நாள் ஊற வைப்பே?”

“ஊற வெக்கறதா? இன்னாத்துக்கு? சுடச்சுடத்தான்.”

“நீ பாயசம்னா காய்ச்சியிருக்கே!” என்றார் கஸ்தூரிரங்கன். இந்த முறை மாஜிஸ்டிரேட்டும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். தீர்ப்பைத் தள்ளிவைத்து, விசாரித்து அறிக்கை கொடுக்கச் சொன்னார். அதுவரை எல்லப்பன் உள்ளேதான்.

அந்தச் சப்ஜெயிலைப் பற்றிக் கஸ்தூரிரங்கன் என்னிடம் ஒரு மாலை முழுவதும் பேசினார். “இருபது பேருக்குக் கட்டின இடம் சார். அன்னிக்கு அறுபத்தெட்டு பேர் இருந்தா. பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்தாத்தான் மீதிப் பேர் படுக்கலாம். ஜனங்க கெட்டுப்போயிட்டான்னு பெரியவா பேசறா, இன்னும் ஜெயில் கட்டணும்கறா. நான் ஒவ்வொருத்தனா விசாரிச்சேன். அறுபத்தெட்டில் நாற்பதுக்கு மேல சாராயக் கேஸ். காய்ச்சத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லை. காய்ச்சறவா வெளியில இருக்கா.”

எனக்கு ஜெயில் நிர்வாகம் தெரியாது. ஆனால் ஓர் ஊரின் குற்றத்தை ஜெயிலில் எத்தனை பேர் என்று எண்ணி அளந்தால், எண்ணிக்கை வேண்டியவர்கள் ஆளைத் தேடிக்கொள்வார்கள் என்பது அன்று புரிந்தது. ஒரு தடவை போனவனைச் சுலபமாகத் திரும்பவும் அனுப்பலாம். அப்படித் திரும்பத் திரும்பப் போனவனைத் திருந்தாதவன் என்று சொல்லிக் கூடுதலாகவும் போடலாம். எல்லப்பனுக்கு நடந்தது அதுதான்.

விசாரிக்கக் குப்பத்துக்குப் போன கஸ்தூரிரங்கனிடம் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. “எல்லப்பனா? காய்ச்சுவான், நல்லா காய்ச்சுவான்” என்றார்கள். பழகின ஆள் என்றால் குறைத்துப் போடுவார்கள், அவனுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தார்கள். வெயிலில் களைத்த அவர், பஸ்ஸுக்குக் காத்திருக்க என் மாமனாரின் டிப்போவில் வந்து உட்கார்ந்தார். மாமா கால்வாய்க் கரையில் படகில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மேஜைமேல் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கஸ்தூரிரங்கன் மரியாதைக்காக எடுத்தார்.

“இன்னா சாயபு, இந்த மாசம் ஒரு ஆளுதான் வந்துச்சி. வருசக் கடைசி பாரு, இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லு காசியம்மாள.”

“சொல்றேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார் கஸ்தூரிரங்கன்.

மாமா வந்தபோது அவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. “ஐயா, நான் கட்டை வியாபாரி. சேதி வந்தா சேதி சொல்றது. சொல்லலேன்னா என் வண்டி ரோட்டைத் தாண்டாது” என்றார்.

“பாய், அந்தப் பொண்ணு தையில பிரசவிக்கப் போறா. புருஷனுக்கு ரெண்டு வருஷம். நீங்க கேட்டதைக் கேட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அவன் வெளியே வருவான். போடலேன்னா வரமாட்டான். நான் மிரட்டலை. இருக்கறதைச் சொல்றேன்.”

மாமா அன்று கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்குப் போய் மாமியிடம் சொன்னார். மாமி ஃபக்ருன்னிசா, “இத்தினி நாளு இதுக்குத்தான் அந்தக் கறுப்பு டப்பாவை வாங்கி வெச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார்களாம். மூன்றாம் நாள் மாமா பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின்தான் என் கடிதங்கள் வந்தனவாம். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் கட்டை விலையை எழுதியிருக்கிறார்.

தீர்ப்பு நாள் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. மார்கழி முடியப்போகிறது. சந்திரம்மாவுக்கு இடுப்பு வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் மாஜிஸ்டிரேட் அறிக்கையைப் படித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற அனுமதித்து, கேஸைத் தள்ளினார். கோர்ட்டில் பொய் சொன்னதற்காக எல்லப்பனைக் கால்மணி நேரம் திட்டினார். பழைய ஐந்தும் அவர் பேரில் அப்படியேதான் இருக்கின்றன. மேலே எழுதிப் பார்க்கிறேன் என்று கஸ்தூரிரங்கன் சொல்லியிருக்கிறார்.

காணும் பொங்கலன்று காலையில் வலி எடுத்தது. குடிசை வாசலில் நின்ற எல்லப்பனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “நான் இப்ப இன்னா பண்ணணும்?” என்று மருத்துவச்சியைக் கேட்டார்.

“வெளியவே நில்லு நைனா, அது போதும்.”

“உள்ள இருந்துதான் பழக்கம்,” என்றார் எல்லப்பன். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் குழந்தை அழுத சத்தம் கேட்டது. பையன். அவர் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாராம். இதைச் சொன்னது சந்திரம்மா. “பொய் சொல்றா, மண்ணு கண்ணுல வுழுந்துச்சி” என்றார் அவர்.

கஸ்தூரிரங்கன் மறுவாரம் குப்பத்துக்கு வந்து, யார் யாருக்கு எத்தனை பழைய தண்டனை எழுதப்பட்டிருக்கிறது, அடுத்த தடவை போனால் என்ன ஆகும் என்று படித்துக் காட்டினார். “அப்போ வாடிக்கை கெடியாதா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை என்றார் அவர். பிறகு செம்பைக் கொண்டுபோய்க் காசியம்மாள் வாசலில் வைத்துவிட்டார்கள்.

“அப்ப இனிமே யாருடா போறது?” என்று கத்தினார் காசியம்மாள்.

“உம் முறை வரவே இல்லியே ஆத்தா, இந்தத் தபா நீ போயேன்,” என்றாள் சந்திரம்மா, கையில் ஏந்திய குழந்தையோடு.

ஸ்டேஷனில் ஆட்களை மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். மாதத்துக்கு எத்தனை கேஸ் என்ற கேள்வியை மாற்றினார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவின் வண்டியை இதுவரை இரண்டு தடவை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். எனக்குக் கவலைதான். ஆனாலும் வந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இப்போது இல்லை.

நான் திரும்பக் கப்பலேறுவதற்கு முந்தைய வாரம் ஒரு பிற்பகல், டிப்போவில் நாங்கள் மூவரும் இருந்தோம். எல்லப்பன் மடியில் பையன் தூங்கினான். பக்கத்தில் பழைய தென்னைநார்க் கிலுகிலுப்பை. சந்திரம்மா அதை எறியாமல் வைத்திருந்திருக்கிறாள். மாமா கையைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் பாய் விரிக்கப் போனார்.

போன் அடித்தது.

மாமா நின்றார். “பட்டணத்து ஆர்டரா இருக்கும்,” என்றார். காலை நகர்த்தவில்லை.

“இன்னிக்கி தேதி இன்னா சாயபு?” என்று கேட்டார் எல்லப்பன்.

“இருவத்தெட்டு.”

எல்லப்பன் தலையசைத்தார். துண்டை எடுத்துக் குழந்தையின் காதை மூடினார். மாமா திரும்பிப் போய்ப் பாயை விரித்தார். நான் மேஜைக்கு இரண்டடி தூரத்தில் நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் எழவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.